கஞ்சா வழக்கில் தண்டனையா? மேல்முறையீட்டில் எந்த வழியைப் பிடிப்பது

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் வீட்டார் தேடுவது எத்தனை வருடம் என்ற ஒரே வரியைத்தான். மேல்முறையீட்டின் போக்கைத் தீர்மானிப்பதோ அதற்கு முந்தைய ஓர் எழுத்து. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின், அதாவது எல்லோரும் சொல்லும் என்.டி.பி.எஸ். சட்டத்தின், 8(சி) உடன் 20(பி)(2) என்று எழுதியிருக்கும். அதன் வாலில் ஏ இருக்கிறதா, பி இருக்கிறதா, சி இருக்கிறதா என்று பாருங்கள்.

கஞ்சாவைப் பொறுத்தவரை ஒரு கிலோவுக்குள் இருந்தால் ஏ. ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை பி. பத்தாண்டு வரையும் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம், ஆனால் இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற அடிமட்டம் கிடையாது. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, சி. பத்தாண்டுக்குக் குறையவே முடியாது, இருபதாண்டு வரை போகலாம். அபராதம் ஒரு லட்சத்தில் தொடங்கும். மற்றப் பொருட்களுக்கு எல்லைகள் வேறு: ஹெராயினுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராமும் 50 கிராமும். எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராமும் 10 கிராமும்.

சட்டத்தின் 2-ஆவது பிரிவு வணிக அளவை வரையறுக்கும்போது குறிப்பிட்ட எடையை விட 'அதிகமானது' என்கிறது. சரியாக 20 கிலோ என்றால் அது வணிக அளவு அல்ல. எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்குகளில் இந்த ஒரு சொல்லுக்குப் பல வருட மதிப்பு உண்டு.

இந்த எழுத்தைப் பார்க்காமல் 'தண்டனையைக் குறைக்கச் சொல்லலாமா, விடுதலையே கேட்கலாமா, முதலில் ஜாமீன் பார்க்கலாமா' என்று பேசுவதில் பயன் இல்லை. பி-க்குப் பொருந்தும் யோசனை சி-க்குப் பொருந்தாது.

கெடுவும் இடமும்

சிறப்பு நீதிமன்றம் தண்டித்தால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு. 36பி பிரிவு அதற்கு வழிவிடுகிறது. கெடு 60 நாள். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்கும் வரை ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. சிறைத்தண்டனை பெற்றவருக்கு ஒரு தீர்ப்பு நகல் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டம்) 404 சொல்கிறது. தீர்ப்பு நாளன்றே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கெடு தப்பிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு தாக்கல் செய்யலாம். சிறையில் இருந்தவர், பணமில்லாதவர், வக்கீல் கைவிட்டவர் என்றால் நீதிமன்றங்கள் பொதுவாக இரக்கத்தோடுதான் பார்க்கின்றன. ஆனால் அந்த மனுவே சில மாதங்களைத் தின்றுவிடும், அத்தனை நாளும் உள்ளே இருப்பவர் உள்ளேயேதான் இருப்பார்.

மதுரை, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர், திண்டுக்கல், தேனி தொடங்கிக் கன்னியாகுமரி வரையான தென்மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகும். மற்றவை சென்னைக்கு. சிறு அளவு வழக்கை நீதித்துறை நடுவர் விசாரித்துத் தண்டித்திருந்தால் மேல்முறையீடு செஷன்ஸ் நீதிமன்றத்தில், கெடு 30 நாள்தான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவரின் நிலை வேறு. 'ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒத்துக்கொண்டவர்கள், பி.என்.எஸ்.எஸ். 416-இன்படி தண்டனையின் அளவையோ அதன் சட்டபூர்வத் தன்மையையோ மட்டும்தான் எதிர்க்க முடியும். அவர்களுக்குக் கீழே வரும் முதல் ஒப்பீடு தேவையே இல்லை, ஒரே பாதைதான்.

முழுத் தீர்ப்பையும் எதிர்ப்பதா, தண்டனையை மட்டும் குறைக்கச் சொல்வதா

பி பிரிவில் தண்டிக்கப்பட்டவருக்கு இரண்டும் உண்மையான வழிகள். உதாரணமாக நான்கு கிலோவுக்கு ஐந்தாண்டு என்று வைத்துக்கொள்வோம். விசாரணைக் காலத்தில் ஒன்றரை ஆண்டு உள்ளே இருந்திருக்கிறார். முன் வழக்கு இல்லை, குடும்பம் இவரை நம்பியிருக்கிறது. அடிமட்டத் தண்டனை இல்லாததால், 'குற்ற முடிவை எதிர்த்து வாதிடவில்லை, இதுவரை அனுபவித்த காலத்தையே தண்டனையாகக் கருதுங்கள்' என்று கேட்பதற்கு இடமுண்டு. விசாரணை அரை மணி நேரத்தில் முடியும். சாட்சியங்களை அலச வேண்டியதில்லை.

அதற்கான விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'குற்ற முடிவை எதிர்த்து வாதிடவில்லை' என்று வக்கீல் சொன்னதும் அது தீர்ப்பில் பதிவாகும். குற்றவாளி என்ற முடிவு நிலைத்துவிடும். நாளை இன்னொரு வழக்கில் சிக்கினால் 31-ஆவது பிரிவு வந்து உட்காரும்: மறுமுறை தண்டிக்கப்படுபவருக்கு அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்கு ஆகும், அடிமட்டம் உள்ள குற்றமானால் அந்த அடிமட்டமும் ஒன்றரை மடங்காகும். அரசு வேலையும் கடவுச்சீட்டும் இதைத் தொட்டு நிற்கும். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு 'சீக்கிரம் வெளியே வந்தால் போதும்' என்று முடிவெடுக்கும்போது, அவன் முப்பது வயதில் என்ன ஆவான் என்பதையும் பார்க்க வேண்டும். வழக்கில் வலுவான ஓட்டை இருந்தால் அந்தச் சலுகைக்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

சி பிரிவில் நிலைமை தலைகீழ். பத்தாண்டு விதித்திருந்தால் அதற்குக் கீழே இறங்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. வயது, வறுமை, முதல் குற்றம், சிறு குழந்தைகள் எதுவும் எடுபடாது. சிறைக்குப் பதில் நன்னடத்தை உறுதியில் விடும் நன்னடத்தைச் சட்டத்தின் சலுகையையும் 33-ஆவது பிரிவு பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. பத்தாண்டு பெற்றவர் தண்டனைக் குறைப்பை மட்டும் கேட்டுப் போனால் கையில் மிஞ்சுவது அபராதத்துக்கு ஈடான சிறைக்காலக் குறைப்பு மட்டுமே. பன்னிரண்டு, பதினைந்து என்று விதித்திருந்தால் கொஞ்சம் இடமிருக்கிறது. அடிமட்டத்தை மீறி விதிக்கும்போது எவற்றைக் கருதலாம் என்று 32பி பட்டியலிடுகிறது. ஒரு காரணமும் எழுதாமல் கீழமை நீதிமன்றம் கூட்டியிருந்தால் அதைப் பத்துக்கு இறக்கலாம்.

அந்த ஈட்டுச் சிறையையும் அலட்சியம் செய்யக்கூடாது. 'ஒரு லட்சம் அபராதம், கட்டத் தவறினால் ஓராண்டு' என்று இருக்கும். பத்தாண்டு முடிந்த பிறகும் பணம் கட்டாதவர் அந்த ஓராண்டை இருந்துதான் ஆக வேண்டும். விசாரணைக் கால சிறைவாசம் பிரதான தண்டனையில்தான் கழியும், இதில் கழியாது. பல பிரிவுகளில் தனித்தனியாக விதித்த ஈட்டுச் சிறைகள் ஒன்றாக ஓடவும் மாட்டா என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இந்தக் காலத்துக்கு அடிமட்டம் கிடையாது. குஜராத்திலிருந்து வந்த ஒரு போதைப்பொருள் வழக்கில் மூன்றாண்டு ஈட்டுச் சிறையை உச்ச நீதிமன்றம் ஆறு மாதமாகக் குறைத்திருக்கிறது. ஏழைக் கைதிக்கு இது கைமேல் பலன் தரும் கோரிக்கை.

தீர்ப்பின் கடைசிப் பத்தியில் 'தண்டனைகள் ஏக காலத்தில் நடக்க வேண்டும்' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். 20-க்கு ஒரு பத்தாண்டு, கூட்டுச்சதிக்கு 29-இன் கீழ் இன்னொரு பத்தாண்டு என்று விதித்துவிட்டு அந்த வரி விடுபட்டிருந்தால், சிறை நிர்வாகம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கிடும்.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி உண்டு, பலர் அதைத் தவற விடுகிறார்கள். குற்ற முடிவைச் சி-யிலிருந்து பி-க்கு மாற்றக் கேட்பது. பி.என்.எஸ்.எஸ். 427 முடிவை மாற்றும் அதிகாரத்தை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மகஜரை, அதாவது சரக்கைப் பறிமுதல் செய்தபோது சாட்சிகள் முன் எழுதிய குறிப்பை, கையில் எடுத்துப் படிக்க வேண்டும்.

மாதிரிக்கு ஒன்று. இரண்டு சாக்கில் பத்துப் பொட்டலங்கள், ஒவ்வொன்றும் பாலிதீன் கவரில் போட்டுப் பழுப்பு டேப் பலமுறை சுற்றியவை. மகஜரில் 'மொத்த எடை 20.600 கிலோகிராம்' என்று மட்டும் இருக்கிறது. டேப்பும் கவருமாக ஒரு பொட்டலத்துக்கு 70 கிராம் என்றால் உறை மட்டும் 700 கிராம். உள்ளே இருக்கும் சரக்கு 19.900. அடிமட்டப் பத்தாண்டு அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். உறையைப் பிரித்துத் தனியே எடை போட்டார்களா என்று விசாரணையின்போது அதிகாரியிடம் கேட்டிருக்கிறார்களா, அவர் என்ன சொன்னார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்கப்படாமலே விட்டிருந்தாலும், எடை போட்டதில் சந்தேகம் இருப்பதாக மகஜரே காட்டினால் வாதிடலாம். அதே போல, சட்டத்தின் பார்வையில் கஞ்சா என்பது செடியின் பூ, காய் உள்ள நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. சாக்கில் தண்டும் இலையும் விதையும் கலந்து கிடந்ததாக மகஜரே சொல்லும்போது, வெறும் நுனியின் எடை எவ்வளவு என்ற கேள்வி எழும்.

ஹெராயின், மெத்தாம்பெட்டமின் போன்றவற்றில் இந்தப் பாதை குறுகலானது. 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலப்படப் பொருளையும் சேர்த்த மொத்த எடைதான் கணக்கு என்று தீர்த்துவிட்டது. 'அதில் தூய ஹெராயின் பத்து விழுக்காடுதான்' என்ற பழைய வாதம் இனி ஓடாது.

மூன்று கோரிக்கைகளையும் ஒரே மேல்முறையீட்டில் வரிசையாக வைக்கலாம்: முதலில் விடுதலை, இல்லாவிட்டால் பி-க்கு மாற்றம், அதுவும் இல்லாவிட்டால் தண்டனையிலும் ஈட்டுச் சிறையிலும் குறைப்பு. தாக்கல் செய்யும்போதே ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட வேண்டிய அவசியம் இல்லை. விட்டுக்கொடுப்பது வாதத்தின் நாளில் எடுக்கும் முடிவு, அதை உள்ளே இருப்பவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மேல்முறையீடு போட்டதற்காகத் தண்டனை கூடிவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. குற்றவாளியின் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட 427 இடம் தரவில்லை. கூட்ட வேண்டுமானால் அரசு தனியே மேல்முறையீடு செய்ய வேண்டும், இவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும்.

எந்தக் காரணம் தாங்கும், எது தாங்காது

வீட்டார் அதிகம் நம்புவது 50-ஆவது பிரிவை. 'கெசட்டட் அதிகாரி முன்னாலோ நடுவர் முன்னாலோ சோதனை போடும் உரிமை உண்டு என்று சொல்லவே இல்லை' என்பார்கள். உடலைச் சோதனை போட்டு, சட்டைப் பையிலோ இடுப்பிலோ எடுத்த வழக்கானால் இது கெட்டியான காரணம். 2010-இல் விஜயசிங் ஜடேஜா வழக்கில் அரசியல் சாசன அமர்வு, உரிமையைச் சொல்வதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்றது. பலரிடம் சேர்த்து ஒரே கடிதத்தில் கையெழுத்து வாங்கினால் செல்லாது என்றும் 2014-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஆனால் நம் ஊர்க் கஞ்சா வழக்குகளில் பெரும்பாலானவை பஸ்ஸில் பையாகவோ ரயிலில் டிராலியாகவோ காரின் டிக்கியிலோ எடுத்தவை. பைக்கும் வண்டிக்கும் 50-ஆவது பிரிவு பொருந்தாது. பையோடு ஆளையும் சோதித்திருந்தாலும், சரக்கு பையில்தான் கிடைத்தது என்றால் பொருந்தாது என்று 2023-இல் மீண்டும் உறுதியாகிவிட்டது. மேல்முறையீட்டுக் காரணங்களின் முதல் மூன்று பக்கத்தையும் இதற்கே செலவழித்த மனுக்கள் நிறைய உண்டு, நீதிபதி அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்.

42-ஆவது பிரிவு இதைவிடப் பயன் தரும். இரகசியத் தகவல் வந்தால் எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வீடு, கொட்டகை, தனியார் கார் என்றால் இது பொருந்தும். தனியார் வண்டி பொதுச்சாலையில் நின்றிருந்தாலும் 42 தான் என்று 2021-இல் ஒரு வழக்கில் விடுதலை கிடைத்திருக்கிறது. பொதுப் பேருந்து, ரயில், ஓட்டல், கடை என்றால் 43-ஆவது பிரிவு வரும், இந்தக் கடமை இல்லை. பதியவே இல்லை என்றால் வழக்கு விழும், பதிந்துவிட்டுத் தாமதமாக அனுப்பி அதற்கு விளக்கமும் கொடுத்திருந்தால் விழாது. 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்ன கணக்கு இது.

52ஏ-வைப் பற்றி இப்போது எச்சரிக்கையாகப் பேச வேண்டும். பறிமுதல் செய்த சரக்கை நடுவர் முன் கொண்டுபோய்ப் பட்டியலிட்டு, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்துச் சான்று பெற வேண்டும். 2016-இல் மோகன்லால் வழக்கில் இதை வலியுறுத்தினார்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு ஹெராயின் வழக்கில் இதே காரணத்துக்காக உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அதன்பின் '52ஏ இல்லையென்றால் விடுதலை' என்று பலர் எழுதத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் பரத் ஆம்பலே வழக்கில் அதே நீதிமன்றம், நடைமுறைக் குறை மட்டும் போதாது, அதனால் சரக்கைப் பற்றியே நியாயமான சந்தேகம் எழுகிறதா என்று எல்லாச் சான்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. ஆகவே 52ஏ மீறல் என்று எழுதி நிறுத்தக்கூடாது. அந்த மீறலால் மாதிரி மாறியிருக்கக் கூடும் என்பதை முத்திரை, எடை, தேதி கொண்டு காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு நான்கு தாள்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள்: பறிமுதல் மகஜர், நீதிமன்றத்துக்குப் பொருள் அனுப்பிய படிவம் 95, நடுவர் ஆய்வகத்துக்கு எழுதிய கடிதம், தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை. மகஜரில் இருக்கும் முத்திரை எழுத்தே அறிக்கையிலும் இருக்கிறதா? மாதிரி எத்தனை கிராம்? கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்), அபினுக்குக் குறைந்தது 24 கிராம், மற்றவற்றுக்கு 5 கிராம், அதுவும் இரண்டு செட். ஆய்வகத்துக்குப் போனபோது எடை குறைந்திருந்தால் 'ஈரம் காய்ந்தது' என்று அரசுத் தரப்பு சொல்லும், அது எடுபடவும் செய்யும். எடை கூடியிருந்தால் சொல்ல ஒன்றும் இருக்காது. பறிமுதல் நாளுக்கும் நீதிமன்றத்தில் சரக்கை ஒப்படைத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், அத்தனை நாளும் அது எந்த அறையில் இருந்தது, அது பதிவேட்டில் குறிக்கப்பட்டதா?

ஐந்தாவதாக முதல் தகவல் அறிக்கையை வையுங்கள். சம்பவ இடத்தில், வழக்குப் பதியும் முன்பே எழுதியதாகச் சொல்லும் மகஜரின் தலைப்பில் குற்ற எண் அதே மையில், அதே கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? வழக்குப் பதிந்தது மாலை ஆறு மணிக்கு, மகஜர் பகல் இரண்டு மணிக்கு என்றால், இரண்டு மணிக்கு அந்த எண் எப்படித் தெரிந்தது? பதில் சாட்சியத்தில் இல்லாவிட்டால், ஆவணம் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியது என்ற வாதத்துக்குக் கால் முளைக்கும். கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் மகஜர் சாட்சிகளாக இருந்து பிறழ்ந்திருந்தால் இது இன்னும் கனக்கும். வெறுமனே 'பொதுச் சாட்சி இல்லை' என்பதோ 'சாட்சிகள் எல்லாம் போலீஸ்' என்பதோ தனியாக நிற்காது.

சரக்கோடு பிடிபடாமல், இன்னொருவர் கொடுத்த வாக்குமூலத்தால் மட்டும் தண்டிக்கப்பட்டவருக்கு நிலைமை நன்றாகவே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன டோஃபன் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 67-ஆவது பிரிவில் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்தக் கூடாது என்றது. அந்த வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொலைபேசி அழைப்புப் பட்டியல் மட்டும்தான் என்றால் முழு விடுதலையையே குறிவைக்க வேண்டும்.

மோகன்லால் பெயரில் இரண்டு தீர்ப்புகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016-இல் வந்தது மாதிரி எடுப்பது பற்றியது, அது நிற்கிறது. 2018-இல் வந்தது, புகார் கொடுத்த அதிகாரியே புலனாய்வும் செய்தால் வழக்கு கெடும் என்றது. அதை 2020 ஆகஸ்டில் முகேஷ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. இன்றும் 2018 தீர்ப்பை நம்பிப் பத்துப் பக்கம் எழுதி வருகிறார்கள்.

தண்டனை நிறுத்திவைப்பா, சீக்கிர விசாரணையா

மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கக் கோரி பி.என்.எஸ்.எஸ். 430-இல் மனுப் போடுவது வழக்கம். 32ஏ பிரிவு இந்தச் சட்டத்தில் நிறுத்திவைப்பே கூடாது என்கிறதே என்று கேட்பார்கள். 2000-இல் தாது என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதில் நீதிமன்றத்தின் கையைக் கட்டும் பகுதியை நீக்கிவிட்டது. மற்றது அப்படியே இருக்கிறது: அரசோ சிறையோ தண்டனைக் கழிவு தர முடியாது. கொலை வழக்குக் கைதிக்குக் கிடைக்கும் கழிவை நினைத்துக்கொண்டு 'பத்து என்றால் ஏழில் வந்துவிடலாம்' என்று கணக்குப் போடாதீர்கள். பத்து என்றால் பத்துதான், விசாரணைக் காலம் மட்டும் கழியும். பரோலுக்கு 32ஏ தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஏ, பி வழக்குகளில் நிறுத்திவைப்பு சாதாரணமாகக் கிடைக்கக் கூடியது. விசாரணையின்போது ஜாமீனில் இருந்தாரா, எவ்வளவு காலம் உள்ளே இருந்தார், அபராதம் கட்டினாரா என்று பார்ப்பார்கள். அபராத ரசீதை மனுவோடு சேர்த்தால் பாதிப் பேச்சு முடிந்தது. பின்னால் விடுதலையானால் அந்தப் பணம் திரும்பிவரும்.

வணிக அளவில் 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. அரசு வக்கீலுக்கு வாய்ப்பு தர வேண்டும், 'இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது' என்றும் 'வெளியே போய் மறுபடி குற்றம் செய்ய மாட்டார்' என்றும் நீதிபதி எண்ண வேண்டும். ஒரு நீதிமன்றம் முழுதாக விசாரித்துக் குற்றவாளி என்று சொன்ன பிறகு இப்படி எண்ண வைப்பது எளிதல்ல. அரசு வக்கீலின் எதிர்மனு, வாய்தா, இன்னொரு வாய்தா என்று நாட்கள் ஓடி, கடைசியில் தள்ளுபடி. ஆறு மாதம் கழித்து இன்னொரு மனு. இப்படி மூன்று மனுவுக்குச் செலவழித்த காலத்தில் பிரதான மேல்முறையீட்டையே வாதிட்டு முடித்திருக்கலாம் என்ற நிலை அடிக்கடி வருகிறது.

ஆகவே என் கணிப்பு இது. வணிக அளவில் தண்டனையின் பெரும்பகுதி இன்னும் பாக்கியிருந்து, கையில் டோஃபன் சிங் வகையான ஓட்டை இல்லை என்றால், ஒரே ஒரு நிறுத்திவைப்பு மனுவோடு நிறுத்திக்கொண்டு, கீழமை நீதிமன்ற ஆவணங்களைத் தருவிப்பதிலும் சாட்சியங்களின் டைப் செட்டை, அதாவது நீதிபதி படிக்கத் தட்டச்சு செய்து தொகுத்த நகலை, தயாரிப்பதிலும் விரைவு விசாரணை கோருவதிலும் முழுக் கவனத்தையும் வையுங்கள். டைப் செட் தயாராக இல்லாததால்தான் பல வழக்குகள் பட்டியலில் வந்தும் தள்ளிப்போகின்றன. நான்கைந்து ஆண்டு ஆகியும் மேல்முறையீடு தொடப்படவில்லை என்றால் கதை வேறு. தண்டனை முடிவதற்குள் மேல்முறையீடு விசாரணைக்கு வர வாய்ப்பில்லை என்பது ஜாமீனுக்கு உரிய காரணம், பாதித் தண்டனை முடிந்தால்தான் கேட்கலாம் என்ற இறுகிய விதி இல்லை என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்போது போடும் மனுவில் உள்ளிருந்த நாட்களைச் சிறைக் கண்காணிப்பாளரின் சான்றோடு கணக்குக் காட்டுங்கள்.

தனி வக்கீலா, சட்ட உதவியா, சிறை மனுவா

காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு, 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில். சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சிறைக்கு வரும் தன்னார்வச் சட்டப் பணியாளரிடம் சொன்னாலும் போதும். நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கித் தனி வக்கீல் வைத்தால்தான் நியாயம் கிடைக்கும் என்பது தவறு. போதைப்பொருள் வழக்கில் மேல்முறையீடு என்பது தாள்களை உட்கார்ந்து படிப்பவரின் வேலை. யார் படிக்கிறார் என்பதே முக்கியம். இலவச வக்கீலானாலும் கட்டண வக்கீலானாலும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஆய்வக அறிக்கையில் முத்திரை என்ன, சரக்கு நீதிமன்றத்துக்குப் போன தேதி என்ன? ஒரு மாதம் கழித்தும் பதில் வராவிட்டால் மாற்றுங்கள். சட்ட உதவி வக்கீலை மாற்றக் கோரவும் உரிமை உண்டு.

வக்கீல் யாரும் அமையாமல் கெடு நெருங்கினால் சிறையிலிருந்தே மனு எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுக்கலாம், அவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 424 சொல்கிறது. காரணங்கள் ஒல்லியாக இருந்தாலும் பரவாயில்லை. சிறை மனு தள்ளுபடியான பிறகு அதே நபர் சார்பில் முறையாகப் போட்ட மேல்முறையீடு ஒன்று இருந்தால், நீதியின் நலன் கருதி அதைக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. வக்காலத்தில் கையெழுத்து வாங்க ஜெயிலரின் சான்றொப்பம் வேண்டும், நேர்காணல் நாளைப் பார்த்து முன்கூட்டியே போங்கள். கூட்டாளிகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி மேல்முறையீடு, சரக்கு யார் கையில் இருந்தது என்பதில் ஒருவர் நலன் மற்றவருக்கு எதிராக இருந்தால் தனி வக்கீலும்.

வக்கீல் வராத நாளில் மேல்முறையீட்டை 'ஆஜராகவில்லை' என்று தள்ளுபடி செய்யக்கூடாது என்பது 1996 முதல் சட்டம். ஆனால் ஆவணங்களை மட்டும் பார்த்து நீதிமன்றமே முடிவெடுக்கலாம். உங்கள் தரப்பில் முத்திரையையும் எடையையும் எடுத்துக்காட்ட ஆள் இல்லாமல் தீர்ப்பு வருவது தள்ளுபடியை விட நல்லதல்ல.

மேல்முறையீடே வேண்டாம் என்பவர்

ஏ பிரிவில் ஆறு மாதம் விதித்து, ஐந்து மாதம் ஏற்கெனவே கழிந்திருந்தால் இந்த எண்ணம் இயல்பானது. அப்படியானாலும் 31-ஐ நினைவில் வையுங்கள். தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டாலும் மேல்முறையீடு செத்துவிடாது, பெயரில் இருக்கும் கறையை நீக்க அதை நடத்தலாம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது கைதி இறந்துவிட்டால், நெருங்கிய உறவினர் 30 நாளுக்குள் அனுமதி கேட்டு நடத்தவும் வழி இருக்கிறது.

உயர் நீதிமன்றத்தில் தோற்றால்

உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு, 90 நாள் கெடு. இது உரிமையல்ல, அனுமதி. இரண்டு நீதிமன்றங்களும் ஒரே மாதிரி முடிவெடுத்த உண்மைகளை அங்கே பொதுவாகத் திரும்பக் கிண்ட மாட்டார்கள். 52ஏ, 42, 67 போன்ற சட்டக் கேள்வி இருந்தால் மட்டும் போவதில் பொருள் உண்டு. ஒரு விதிவிலக்கு: கீழமை நீதிமன்றம் விடுதலை செய்து, அரசு மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை மாற்றிப் பத்தாண்டோ அதற்கு மேலோ விதித்திருந்தால், பி.என்.எஸ்.எஸ். 420-இன்படி உச்ச நீதிமன்றத்துக்குப் போவது உரிமை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஜாமீனில் வெளியே இருந்தவர் என்றால் முதலில் சரணடைய வேண்டும், அல்லது விலக்குக் கோரி மனுவோடு போக வேண்டும். சரணடைந்த சான்று இல்லாமல் மனுவுக்கு எண் கிடைக்காமல் தேங்கி நிற்கும். உச்ச நீதிமன்றத்துக்கும் தனியே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, கைதிக்கு அங்கேயும் கட்டணம் இல்லை.